கையெழுத்து மட்டும் உள்ள ஐந்து தாள்கள்

பிப்ரவரி 3, செவ்வாய்

காலையில் பனி. எட்டு மணி வரை எதிர்வீட்டு மாடி தெரியவில்லை. கம்பெனிப் பேருந்துகள் விளக்கைப் போட்டுக்கொண்டே போயின. ஸ்வெட்டரில் இரண்டாவது பொத்தான் தளர்ந்திருக்கிறது.

செய்ய வேண்டியவை:
1. பி.பி. மாத்திரை. இரண்டு நாளைக்குத்தான் இருக்கிறது.
2. மேல்வீட்டில் வாஷிங் மெஷின் குழாய் ஒழுகுவது பற்றிச் சொல்ல வேண்டும். மூன்றாம் முறை.
3. ரோஜாவுக்கு எரு.
4. அவருடைய மேசை.

நான்காவது ஏழு மாதமாக எல்லாப் பட்டியலிலும் இருக்கிறது.

பதினொரு மணிக்குக் கல்லூரியிலிருந்து துறைத் தலைவர் தொலைபேசியில். அங்கே பேராசிரியராக இருந்த என் கணவர் போன பிறகு வரும் மூன்றாவது அழைப்பு. முதலாவது இரங்கல். இரண்டாவது, அவர் திருப்பித் தராத ஒரு நூலகப் புத்தகம். இன்று நலம் விசாரிப்பு நீண்டுகொண்டே போனது. முழங்கால் எப்படி, ஓசூரில் குளிர் எப்படி. இருபத்தாறு வருடம் ஒரு தொழிற்சாலை மேலாளருக்குச் செயலாளராக இருந்தவள் நான். எதையோ கேட்கப் போகிறவர் குரல் எனக்குத் தெரியும்.

விஷயம் இது. தில்லியில் ஒரு கழகம். செயற்கை நுண்ணறிவில் அந்தந்த வருடம் ஏற்கப்பட்ட முனைவர் பட்ட ஆய்வேடுகளில் சிறந்ததற்கு விருது. மாணவர் தானே விண்ணப்பிக்க முடியாது. வழிகாட்டி பரிந்துரைக்க வேண்டும். ஒரு வழிகாட்டிக்கு ஒரு மாணவர்தான்.

"மஞ்சுளாவோட தீசிஸ் நல்ல வேலை மேடம். சார் இருந்திருந்தா அவரே அனுப்பியிருப்பாரு. சாருக்கப்புறம் பேப்பர்ல நான்தான் கைடு. ஆனா என் ஸ்டூடண்ட் ஒருத்தன் அஞ்சு வருஷமா என்கிட்ட இருக்கான். அவனை விட்டுட்டு எப்படி?"

நியாயம்தான் என்றேன்.

"கழகத்துல கேட்டேன். கைடு தவறிட்டாலும், அவர் இருக்கறப்பவே எழுதிக் கையெழுத்துப் போட்ட லெட்டர் இருந்தா எடுத்துக்குவாங்களாம். சார் மேசையில எதாவது இருக்கான்னு பாருங்க மேடம். நல்லாப் பாருங்க."

'நல்லா' என்பதில் ஓர் அழுத்தம். கடைசி நாள் 13, வெள்ளி, மாலை ஐந்து. விதிமுறைகளை அனுப்புகிறாராம்.

மேசையைத் திறக்கவில்லை. ரோஜாவுக்கு எரு போட்டேன்.

நாகம்மா வேலைக்கு வந்தபோது மணி பன்னிரண்டு. "பஸ் பர்லில்லம்மா." பேருந்து வரவில்லையாம். அவள் பொய் சொல்வது கன்னடத்தில், கோபப்படுவது தெலுங்கில், லீவு கேட்பது தமிழில்.

பிப்ரவரி 4, புதன்

பனி குறைவு. மாத்திரை வாங்கியாயிற்று.

மஞ்சுளா வந்தாள். பர்கூரிலிருந்து கிருஷ்ணகிரி, அங்கே மாறி ஓசூர். கையில் புதுப் புளி, கொட்டை எடுத்தது, செய்தித்தாளில் சுற்றி. முப்பத்து நான்கு வயது, ஆறு வயதில் ஒரு பெண். அவருடைய கடைசி மாணவி. அவளுடைய ஆய்வேட்டை மொழிக்காக இரண்டு முறை திருத்தியவள் நான். செயற்கை நுண்ணறிவு என்று எனக்குத் தெரிந்ததெல்லாம் அவளுடைய கல் மட்டும்தான்.

அதை இங்கே எழுதி வைக்கிறேன், எனக்குப் புரிந்த அளவில். கருங்கல் பாளத்தை அறுப்பதற்கு முன் அதன்மேல் தண்ணீர் ஊற்றுவார்கள். கல்லின் முகம் முழுவதும் காய்ந்துவிடும். உள்ளே விரிசல் இருந்தால் அந்த இடத்தில் மட்டும் தண்ணீர் தங்கி, மயிரிழை போல ஒரு கறுத்த கோடு சிறிது நேரம் நிற்கும். குவாரியில் அந்தக் கோட்டைப் பார்க்கத் தெரிந்தவர்கள் ஓரிருவர்தான். மஞ்சுளாவின் அப்பா அவர்களில் ஒருவர். பார்க்கத் தவறினால் அறுக்கும்போது கல் பிளந்து பக்கத்தில் நிற்பவர்மேல் சரியும். அப்பாவின் இடது காலில் இரண்டு விரல்கள் அப்படிப் போனவை, வேறொருவர் தவறவிட்ட கோட்டினால். காயும் கல்லை ஆயிரக்கணக்கில் படம் எடுத்து, அந்தக் கோட்டைக் கண்டுபிடிக்க இயந்திரத்துக்குக் கற்றுக்கொடுத்திருக்கிறாள்.

"சாரு எதுனா எழுதி வச்சிட்டுப் போயிருக்காருங்களாம்மா?"

இன்னும் மேசையைப் பார்க்கவில்லை என்றேன்.

"ஏழு மாசமாவாங்க?"

கேட்டுவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டாள். "தப்பாக் கேட்டுட்டன்மா."

தப்பில்லை. சரியான கேள்வி.

விருது கிடைக்காவிட்டாலும் இறுதிப் பட்டியலில் வந்தாலே ஒரு வருடம் பெரிய நிறுவனம் ஒன்றில் ஆராய்ச்சி செய்ய இடம் உண்டாம். கௌரவ விரிவுரையாளர் வேலை இந்த வருடத்தோடு முடிகிறது. மார்ச் முதல் இங்கே ஒரு தொழிற்சாலையில் தரப் பரிசோதனைக்கு வரச் சொல்லியிருக்கிறார்கள். "ஸ்குரூ பாக்கணும்மா. நல்ல ஸ்குரூ, கெட்ட ஸ்குரூ. அதையும் மெஷினுதான் பாக்கும். நான் மெஷினப் பாக்கணும்." சிரித்தாள். "எங்க வூட்டுக்காரரு வேற. டாக்டர்னு பேரு, ஜுரத்துக்கு ஒரு மாத்திரை குடுக்கத் தெரியலன்றாரு."

ஏற்கப்பட்ட வருடத்துக்கு மட்டும்தான் பரிந்துரை. அடுத்த வருடம் இந்த ஆய்வேடு செல்லாது.

அவள் போனதும் மேசையைத் திறந்தேன். இருந்தவை:
மூக்குக் கண்ணாடி 2, ஒன்றில் காம்பு இல்லை.
குவாரிக்குப் போகும் தொப்பி. கல் தூசி அப்படியே.
நூலகப் புத்தகம் 1. கல்லூரி சொன்னது சரி.
இருமல் மிட்டாய்கள், ஒட்டிக்கொண்டவை.
நீல உறை. கல்லூரி முகப்புத் தாள்கள் ஐந்து. ஒன்றும் எழுதியிருக்கவில்லை. அடியில் அவர் கையெழுத்து மட்டும்.

கடிதம் இல்லை.

பிப்ரவரி 5, வியாழன்

நல்ல வெயில். கம்பளிகளைக் காயப் போட்டாயிற்று.

நீல உறை எனக்குப் புதிதல்ல. அவர் வெளியூர் போகும்போது அவசரத்துக்கென்று போட்டு வைப்பது. எங்கள் மேலாளரும் அப்படித்தான். அந்தக் காலத்தில் யாரும் அதைத் தவறாக நினைத்ததில்லை.

அவருடைய பரிந்துரைக் கடிதங்கள் எல்லாம் நான் எழுதியவை. அவர் ஆங்கிலம் சமன்பாடுகளுக்குப் போதும், மனிதர்களுக்குப் போதாது. நான் எழுதுவேன், அவர் படிப்பார், ஒரே ஒரு சொல்லை அடிப்பார். பிறகு கையெழுத்து. அடிபடுவது எப்போதும் மாணவர் பெயருக்கு முன்னால் அலங்காரமாக நிற்கும் சொல். வெளியூரில் இருந்தால் தொலைபேசியில் படிக்கச் சொல்லி அங்கிருந்தே அடிப்பார். அடிக்கட்டும் என்று ஒன்றை வேண்டுமென்றே வைக்கத் தொடங்கினேன். அது அவருக்குத் தெரிந்துவிட்டது. அதை விட்டுவிட்டு வேறொன்றை அடித்தார்.

அந்தக் கடிதங்களோடு போனவர்கள் இன்று எங்கெங்கோ. கடிதம் அவருடையதா, என்னுடையதா?

மத்தியானம் கணினியில் உட்கார்ந்தேன். மஞ்சுளாவைப் பற்றி முதல் பத்தி, பத்து நிமிடம். நன்றாகவே வந்தது. நீல உறையிலிருந்து ஒரு தாளை எடுத்து அச்சு இயந்திரத்தில் வைத்தேன். பிறகு தேதி. ஜூலைக்கு முன்னால் ஏதாவது ஒரு தேதி போட வேண்டும். ஜூன் என்று அடித்தேன். அழித்தேன். தாளை எடுத்து உறையில் வைத்துவிட்டேன்.

இதையும் எழுதிவிடுவது நல்லது. வேறு யாரிடமும் சொல்லவில்லை.

உறையில் ஆறு தாள்கள் இருந்தன.

செப்டம்பரில் ஒன்றை எடுத்தேன். கார்த்திகேயன், அவரிடம் எம்.இ. படித்தவன். பெங்களூரில் ஒரு வேலை, பேராசிரியர் கடிதம் கேட்டார்கள். அவர் தருவதாகச் சொல்லியிருந்தது உண்மை. கடிதத்தில் எழுதியது ஒவ்வொன்றும் உண்மை. அச்சடித்து, மடித்து, அனுப்பினேன். அவர் போய் மூன்று மாதம்கூட ஆகவில்லை. எழுதும்போது அவர் உள்ளே குளித்துக்கொண்டிருப்பது போல இருந்தது. வேலை கிடைத்தது. மைசூர்பாகு கொண்டுவந்து கொடுத்தான். நான் தொடவில்லை. நாகம்மா எடுத்துப் போனாள்.

பிப்ரவரி 6, வெள்ளி

நூலகப் புத்தகத்தைத் திருப்பி அனுப்புவதற்கு முன் தூசி தட்டினேன். நடுவில் மடித்த ஒரு காகிதம். அவர் கை. ஜூன் 28. ஆங்கிலம், இங்கே தமிழில்:

"மஞ்சுளா. விருதுக்கு அனுப்பலாம். ஆனால் அத்தியாயம் 5. எல்லாப் படமும் ஒரே குவாரி, எல்லாம் கோடை. மழைக்காலத்தில்? கல் முழுவதும் ஈரமாக இருந்தால் விரிசலின் ஈரம் எது, மழையின் ஈரம் எது? பார்க்காமல் கையெழுத்துப் போட மாட்டேன்."

பார்க்காமல் போட மாட்டாராம். அதே மேசையில் ஐந்து தாள்கள்.

நின்றுகொண்டே இரண்டு முறை படித்தேன். பிறகு மஞ்சுளாவைக் கூப்பிட்டேன். மழையில் பார்த்தாயா என்று கேட்டேன்.

பின்னால் யாரோ பாத்திரம் போடும் சத்தம்.

"பாத்தன்மா. ஐப்பசி மழையில. அப்பா கொடையப் புடிச்சிக்கிட்டு நின்னாரு, எனக்கில்ல, கேமராவுக்கு. வெயில்ல பத்துக் கோட்டுல ஒம்பதப் புடிச்சிது. மழையில ஆறுதான்."

"ஆய்வேட்டில் இல்லையே?"

"தீசிஸ் குடுத்தப்புறம் பாத்ததும்மா. ஹெச்.ஓ.டி. சாருகிட்ட சொன்னன். குடுத்தாச்சு, இனிமே கெளறாதன்னாரு. வைவாவுல யாரும் கேக்கல."

"கேட்டிருந்தால்?"

"சொல்லியிருப்பன்." பிறகு, "சொல்லியிருப்பனா, தெரியலம்மா."

ஒரு விரிசலைப் பார்க்கத் தவறினால் என்ன ஆகும் என்று உன் அப்பாவின் காலைப் பார், என்று சொல்லிவிட்டுத் தொலைபேசியை வைத்தேன். யார் யாருக்குச் சொல்வது?

மாத்திரை ஒன்று. சாப்பாடு வேண்டாமென்று நாகம்மாவிடம் சொன்னேன். தெலுங்கில் ஏதோ முணுமுணுத்துக்கொண்டே மோர் சாதம் பிசைந்து வைத்துவிட்டுப் போனாள்.

பிப்ரவரி 8, ஞாயிறு

நேற்று ஒன்றும் எழுதவில்லை. பொத்தான் தைத்தேன்.

மேல்வீட்டுப் பெண் மாடிப்படியில் நின்று ஊருக்குப் பேசிக்கொண்டிருந்தாள். திருநெல்வேலிப் பக்கம், கணவன் இங்கே மோட்டார் தொழிற்சாலையில். "கீழ்வீட்டு ஆச்சி ஒரு சொட்டுத் தண்ணிக்கு மூணு மட்டம் ஏறி வந்துட்டாவ!" மூன்று என்பது சரி. ஒரு சொட்டு என்பது சரியல்ல.

துறைத் தலைவர் அனுப்பிய விதிமுறைகளை அச்செடுத்தேன். ஒன்பது பக்கம். அடிக்கோலை வைத்து வரி வரியாக இறக்கிப் படித்தேன். கான்வென்டில் தட்டச்சு வகுப்பு எடுத்த சிஸ்டர் கற்றுத் தந்த முறை. சிஸ்டர் இரண்டு விஷயத்துக்குத்தான் விரலில் அடிப்பார். ஒன்று, அடிக்கோல் இல்லாமல் படிப்பது. இன்னொன்று, தேதி போடாமல் கடிதத்தைத் தொடங்குவது.

நான்காம் பக்கத்தில் கிடைத்தது. வழிகாட்டி பரிந்துரைக்கலாம். அல்லது அந்த ஆய்வேட்டை மதிப்பிட்ட வெளித் தேர்வாளர் ஒருவர் பரிந்துரைக்கலாம், வேறு கல்லூரியைச் சேர்ந்தவராக இருந்தால்.

துறைத் தலைவர் முதல் பக்கத்தைத் தாண்டவில்லை போலிருக்கிறது.

வெளித் தேர்வாளர் கோயம்புத்தூர்ப் பேராசிரியர். டிசம்பரில் மஞ்சுளாவின் வாய்மொழித் தேர்வுக்கு வந்தவர் இங்கே துக்கம் விசாரிக்க வந்து காபி குடித்தார். அட்டை கொடுத்திருக்கிறார், சமையலறை இழுப்பறையில். ஞாயிற்றுக்கிழமை அதிகம் பழகாதவரை அழைப்பது முறையல்ல. நாளை, பத்துக்குப் பிறகு.

பிப்ரவரி 9, திங்கள்

மேகமூட்டம். குளிர் விடவில்லை.

10.15. கோயம்புத்தூர். முதலில் ஆங்கிலத்தில் பேசினோம். என் வேகம் அவருக்குச் சரிப்படவில்லை போலும், தமிழுக்கு மாறினார். இந்த வருடம் யாரையும் பரிந்துரைக்கவில்லை. தயார்தான்.

"ஆனா மேடம், நான் அந்த தீசிஸை ஒரு மாசம்தான் பாத்தேன். கைடு இதைப் பத்தி என்ன நெனச்சார்னு ஒரு பக்கம் வேணும். கூடவே இருந்து பாத்தவங்க எழுதணும். நீங்களே எழுதுங்க."

நான் ஆராய்ச்சியாளர் இல்லை, சுருக்கெழுத்தர் என்றேன்.

"அந்தப் பொண்ணு நன்றியுரையில உங்களைப் பத்தித்தான் அதிகம் எழுதியிருக்கு. ரெண்டு தடவை முழுசாப் படிச்சது கைடும் நீங்களும் மட்டும்தான்னு. நான்கூட ஒரு தடவைதான் மேடம். வியாழக்கிழமைக்குள்ள அனுப்புங்க."

நன்றியுரையை நான் திருத்தவில்லை. அது திருத்துபவருக்குக் காட்டுவதில்லை என்று அவள் எடுத்துப் போய்விட்டாள்.

பிறகு துறைத் தலைவருக்குச் சொன்னேன்.

"அப்படி ஒரு விதி இருக்கா மேடம்?"

"நாலாம் பக்கம்."

மூச்சு விடும் சத்தம் கேட்டது. நிம்மதிதான். அவரும் கெட்டவர் இல்லை. ஆனாலும் கேட்டேன்: நல்லாப் பாருங்க என்று சொன்னது எந்தத் தாளை?

"சாரி மேடம். சார் அப்படித் தாள் வச்சிருப்பார்னு டிபார்ட்மெண்ட்ல எல்லாருக்கும் தெரியும். அந்தப் பொண்ணுக்கு எதாவது செய்யணும்னுதான்..."

நானும் அதற்காகத்தான் வியாழனன்று அச்சு இயந்திரத்தில் தாள் வைத்தேன். அதைச் சொல்லவில்லை.

பிப்ரவரி 11, புதன்

பனி இல்லை. மூன்று ரோஜா பூத்திருக்கிறது, ஒன்றில் பூச்சி.

நேற்று மஞ்சுளாவைக் கூப்பிட்டு வரச் சொன்னேன். காலை 10.30க்கு வந்தாள். மடிக்கணினிப் பை தோளில். முகத்தில் வெள்ளிக்கிழமை இன்னும் இருந்தது. அப்பாவின் காலைப் பற்றிச் சொன்னதற்கு மன்னிப்புக் கேட்டேன். "அப்பாகிட்ட சொன்னன்மா. அம்மா சொன்னது சரிதான்னாரு" என்றாள். இன்னும் மோசமாக இருந்தது.

அவருடைய குறிப்பைக் கொடுத்தேன். உட்கார்ந்து படித்தாள். எழுந்து ஜன்னல் பக்கம் போய் மறுபடியும் படித்தாள்.

"பாத்திருந்தா போட்டிருப்பாராம்மா?"

தெரியாது என்றேன். தெரியாதுதான்.

பேராசிரியர் கேட்கும் ஒரு பக்கத்தில் இந்தக் குறிப்பு போகும், மழையில் வந்த முடிவும் போகும் என்றேன்.

"ஆறுன்னு எழுதுனா யாரும்மா குடுப்பாங்க? மத்தவங்கெல்லாம் நூத்துக்குத் தொண்ணூத்தொம்போதுன்னு எழுதிக் கொண்டாருவாங்க."

"மழை பெய்தால் உன் அப்பா என்ன செய்வார்?"

"எங்கப்பாவா? மழையில கல்லப் பாக்கவே மாட்டாரு. தெரியலன்னுடுவாரு. மொதலாளி கத்துவாரு, சூப்பர்வைசர் கத்துவாரு, இவரு தார்ப்பாயப் போட்டு மூடிட்டு பீடி பத்த வச்சிக்குவாரு. காயட்டும், நாளைக்குப் பாக்கலாம்பாரு."

சொல்லிக்கொண்டே நிறுத்தினாள். பிறகு மெதுவாக, "மெஷினுக்கு அது வரலம்மா. தெரியலன்னு சொல்ல வரல. தெரியாததுக்கும் எதுனா ஒண்ணு சொல்லுது. அந்த ஒரு வருஷம் கெடச்சா அதத்தான் பண்ணணும்னு இருந்தன்."

அதை எழுதலாமே என்றேன். அவள் வேகமாகத் தலையாட்டினாள், இல்லை என்று.

"நீங்க உண்மைய எழுதலாம்மா. உங்களுக்கு ஒண்ணும் போறதில்ல. எனக்கு ஸ்குரூ."

எழுந்து போய் நீல உறையைக் கொண்டுவந்து அவள் முன்னால் தாள்களைப் பரப்பினேன். ஐந்து. ஆறு இருந்தது என்றேன். ஆறாவது எங்கே போனது என்று சொன்னேன். இதுவரை யாரிடமும் சொல்லாதது. என் குரல் சரியாகவே இருந்தது என்று நினைக்கிறேன்.

அவள் கையால் வாயை மூடிக்கொண்டாள். அழுகிறாள் என்று நினைத்தேன். சிரிப்பு.

"கார்த்தி லெட்டருங்களா? தெரியும்மா."

"எப்படி?"

"செப்டம்பர் பதினெட்டுன்னு தேதி போட்டிருந்தீங்களேம்மா! சாரு ஜூலையிலயே போயிட்டாரு."

அப்போதுதான் உறைத்தது. தேதி. தாளின் வலது மேல் மூலையில், முதல் வேலையாக, அன்றைய தேதி. பொய்க் கடிதத்துக்குச் சரியான தேதி போட்டவள் இந்தப் பக்கத்தில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

"அவன் எங்க குரூப்புல போட்டோ போட்டான். சாரு மேலேர்ந்து லெட்டர் குடுத்திருக்காருன்னு. அப்புறம் எல்லாருமே அழுதோம். ஹெச்.ஓ.டி. சாரும் பாத்தாரு. அம்மாகிட்ட யாரும் மூச்சு விடக்கூடாதுன்னு பேசி வச்சிக்கிட்டோம்."

"அவன் கம்பெனியில்?"

"அவங்களுக்கு சாரு யாருன்னே தெரியாதே."

ஐந்து மாதம். அத்தனை பேருக்கும் தெரிந்து, வீட்டுக்கு வந்து, காபி குடித்து, முழங்காலை விசாரித்து. என் முகம் எப்படி இருந்ததோ, அவள் எழுந்து என் சமையலறைக்குள் போனாள். அங்கே நாகம்மாவைத் தவிர யாரும் போவதில்லை. காபி கொண்டுவந்தாள். சர்க்கரை மிக அதிகம். குடித்தேன்.

பெங்களூருக்கு உண்மையைச் சொல்லி எழுதப் போகிறேன் என்றேன்.

"அவனக் கேக்காம எழுதாதீங்கம்மா. வேலை அவனோடது."

அதுவும் சரிதான்.

கிளம்பும்போது வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே, திரும்பாமல் சொன்னாள்: "மழையப் பத்தி எழுதுங்கம்மா. அப்பா கொட புடிச்சதையும் சேத்து எழுதுங்க."

பிப்ரவரி 12, வியாழன்

ஆறு மணிக்கே எழுந்தாயிற்று. நாகம்மா லீவு, தமிழில்.

கடிதம். வெள்ளைத் தாள், முகப்பு இல்லை. முதலில் தேதி: இன்று. என் பெயர், என் முகவரி. நான்கு பத்தி.

ஒன்று: நான் யார். வழிகாட்டியின் மனைவி, சுருக்கெழுத்தர். மொழியைத் திருத்தினேன், அறிவியலை அல்ல.
இரண்டு: ஜூன் 28ஆம் தேதிக் குறிப்பு, முழுவதும். நகல் இணைப்பில்.
மூன்று: மாணவி யாரும் கேட்காமலே மழையில் போய்ப் பார்த்தது. பத்துக்கு ஆறு. குடை. மழையில் அவள் அப்பா தெரியவில்லை என்று சொல்வதும், இயந்திரம் அப்படிச் சொல்லாததும், அதை அவள் சரிசெய்ய நினைப்பதும்.
நான்கு: இந்த முடிவை வழிகாட்டி பார்க்கவில்லை. பார்த்திருந்தால் கையெழுத்திட்டிருப்பாரா என்று என்னால் சொல்ல முடியாது. நான் இதைப் பார்த்தேன், ஆகவே என் பெயரில் கையெழுத்திடுகிறேன்.

நான்கு முறை திருத்தி எழுதினேன். முன்பெல்லாம் ஒரு முறைதான்.

பிறகு நீல உறை. அடிக்கோல் வைத்து ஒவ்வொரு தாளிலும் குறுக்கே இரண்டு கோடு, நடுவில் 'ரத்து', என் சுருக்கொப்பம், தேதி. அலுவலகத்தில் செய்வது போல. கையெழுத்தின் மேல் கோடு போகாமல் பார்த்துக்கொண்டேன். நான்காவதில் கொஞ்சம் உரசிவிட்டது.

குருபரப்பள்ளி அருகே லாரி ஒன்று நின்றுபோனதாம், பேருந்து ஊர்ந்து வந்தது என்று மஞ்சுளா மூன்று மணிக்கு வந்து சேர்ந்தாள். கடிதத்தைக் கொடுத்து, வாய்விட்டுப் படி என்றேன். ஆங்கிலம், பள்ளிப் பிள்ளை போல நிறுத்தி நிறுத்திப் படித்தாள். மூன்றாம் பத்தியில் குடை வரும் வரியை இரண்டு முறை படித்தாள். முடிந்ததும் கை நீட்டினாள்.

"பேனா குடுங்கம்மா."

கொடுத்தேன்.

பழக்கம் விடவில்லை. அவள் பெயருக்கு முன்னால் ஓர் அலங்காரச் சொல்லை வேண்டுமென்றே வைத்திருந்தேன். பேனா அதன் மேல் நின்றது. தாண்டிப் போனது. இரண்டாம் பத்தியில், அவர் பெயருக்கு முன்னால் நான் போட்டிருந்த ஒரு சொல்லை, ஒரே கோட்டில் அடித்தாள்.

"சாருக்கு இது வேணாம்மா. அவரே அடிச்சிருப்பாரு."

உன் பெயருக்கு முன்னால் இருப்பது? என்றேன்.

"அது இருக்கட்டும்மா. எனக்கு வேற யாரு சொல்லப் போறாங்க?"

இருக்கட்டும் என்றேன். புதிதாக அச்செடுத்து, முதலிலிருந்து ஒரு முறை படித்து, கையெழுத்துப் போட்டேன். 4.10க்கு அவள் மடிக்கணினியிலிருந்து கோயம்புத்தூர் போயிற்று.

நாளைக்கு:
1. நூலகப் புத்தகம்.
2. மேல்வீட்டுக் குழாய், நான்காம் முறை.
3. கார்த்திகேயனைக் கேட்க வேண்டும்.